பஞ்சுக்குச்சி

"டி.என்.ஏ. பொருந்தியது, குற்றவாளி இவர்தான்!" இன்று காலைச் செய்தியில் சிவப்பு எழுத்தில் ஓடியது.

மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007-ல் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய காரில் ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று 40 சம்பவ இடங்களிலும் அதே டி.என்.ஏ.தான். 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள்.

2009-ல், இறந்துபோன ஓர் ஆணின் பழைய கைரேகைத் தாளைச் சோதித்தபோதும் அதே பெண் வந்தாள். அப்போதுதான் உறைத்தது. பஞ்சுக்குச்சி தயாரிப்பில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது!

குச்சிகள் கிருமிநீக்கம் செய்தவைதான். ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. தங்கிவிடும். கையிலிருந்து உதிர்ந்த சில செல்கள் போதும். பி.சி.ஆர். என்னும் ஆய்வக முறை அதைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கிவிடும்.

டி.என்.ஏ. மாசு இல்லாத பொருட்களுக்கென்றே 2016-ல் ஐ.எஸ்.ஓ. 18385 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. அதோடு, அதே பெட்டியிலிருந்து எதையும் தொடாத வெறும் குச்சி ஒன்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அதில் யாருடைய டி.என்.ஏ.வாவது வந்தால், அந்தப் பெட்டி மொத்தமும் சந்தேகத்துக்குரியது.

செய்தி போடுகிறவர்களே, அந்த வெறும் குச்சியின் முடிவு என்ன என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?