தட்டு வடை செட்டும் இரண்டு பாட்டில் வெள்ளை ஒயினும்

"நம்ம ஊர் காரத்துக்கு ஒயின் தாங்காது மாமா" என்று ஏற்காடு அடிவாரத்திலேயே சொல்லிவிட்டான் மாப்பிள்ளை. என் மனைவியின் தம்பி. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவன். அவன் மடியில் தட்டு வடை, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி எல்லாம் தனித்தனிப் பொட்டலமாக இருந்தன. இதையெல்லாம் இரண்டு தட்டு வடைக்கு நடுவே வைத்துச் செட்டாகவே போட்டு வாங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் நமத்துப்போகும். சென்னையில் நான் வாங்கிய இரண்டு பாட்டில்கள் டிக்கியில் போர்வைக்குள் கிடந்தன. ஒன்று சாவிக்னான் பிளாங்க், இன்னொன்று செனின் பிளாங்க். இரண்டும் திராட்சை வகைகளின் பெயர்கள், இரண்டுக்கும் பூர்வீகம் பிரான்ஸ். ஆனால் இந்தப் பாட்டில்களில் இருந்தது நாசிக்கில் விளைந்தது.

தங்கிய இடம் காபித் தோட்டத்துக்குள் ஒரு பழைய ஓட்டு வீடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த மலை இது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு ஏறியிருந்தது. வீட்டில் ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை. வாளியில் தண்ணீரும் ஐஸும் ஒரு கை உப்பும் போட்டுப் பாட்டில்களை இறக்கினேன். வெறும் ஐஸ் அங்கங்கேதான் தொடும். தண்ணீர் சேர்ந்தால் பாட்டிலைச் சுற்றிலும் பிடித்துச் சீக்கிரம் குளிரவைக்கும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10 டிகிரி நல்லது. அதற்கும் கீழே போனால் வாசம் அடங்கிவிடும்.

முதலில் சாவிக்னான் பிளாங்க். துளி இனிப்பு இல்லாதது. கண்ணாடி டம்ளரில் கால்வாசி ஊற்றிச் சுழற்றினேன். சமையல் செய்ய வந்த அக்கா குடிக்க மாட்டார். முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு, "கொய்யாப்பழ வாசம் அடிக்குதே தம்பி" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒயின் பழகியவர்கள் இந்தத் திராட்சைக்குச் சொல்லும் வாசங்களில் கொய்யாவும் ஒன்று. அதற்கு அடியில் அறுத்த புல்லும் குடைமிளகாயும் கலந்த பச்சை வாசம் ஒன்று இருக்கும். குடைமிளகாய்க்கு அந்த வாசத்தைத் தரும் பைரசின் என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது.

சேலத்திலிருந்து கொண்டுபோன மேட்டூர் கட்லாவை அக்கா மிளகாய்த்தூள், மஞ்சள் தடவி வறுத்துக் கொடுத்தார். எலுமிச்சை பிழியவே இல்லை. ஒரு துண்டு மீன், ஒரு வாய் ஒயின். எலுமிச்சை செய்யும் வேலையை ஒயினின் புளிப்பு செய்துவிட்டது. நாக்கில் ஒட்டிய எண்ணெயை வழித்துவிட்டு, மீனின் ருசியை மட்டும் விட்டுவைத்தது. கொத்தமல்லி, புதினா அரைத்த பச்சைச் சட்னியோடு இன்னும் பொருத்தம். பச்சை வாசத்தோடு பச்சை வாசம் சேர்ந்துகொண்டது.

சிவப்புச் சட்னியிடம்தான் தோற்றது. வர மிளகாயும் பூண்டும் போட்டு அரைத்தது. அதன் மேல் ஒயின் பட்டதும் வாய் எரிந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். அவன் சொன்னதில் பாதி உண்மை. காரத்தை உணரும் அதே நரம்பு வாசலை ஆல்கஹாலும் தட்டுகிறது. அதனால் ஆல்கஹால் கூடக்கூட எரிச்சலும் கூடும்.

சரி என்று செனின் பிளாங்க்கைத் திறந்தோம். இதில் லேசாக இனிப்பு உண்டு. ஆப்பிள், பேரிக்காய், கடைசியில் ஒரு சொட்டுத் தேன். இனிப்பு காரத்தை அமர்த்தும், ஆனால் திகட்டாது, ஏனென்றால் செனினுக்கு இயல்பிலேயே புளிப்பு அதிகம். தட்டு வடை நொறுங்கி, பீட்ரூட்டின் மண்வாசனை வந்து, சிவப்புச் சட்னி ஏறும் நேரத்தில் ஒரு வாய் குடித்தால் காரம் இறங்குகிறது, பூண்டின் ருசி மட்டும் நிற்கிறது. அன்று இரவு நான் சாப்பிட்டதில் அதுதான் உச்சம். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது செட்டைப் போட ஆரம்பித்திருந்தான், சிவப்புச் சட்னியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்து.

மறுநாள் மதியம் மிச்சமிருந்த ஒயினை மீன் குழம்போடு வைத்துப் பார்த்தோம். சுத்தமாக ஒத்துவரவில்லை. புளியின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடப் பெரியது. அதன் பக்கத்தில் ஒயின் தண்ணீர்போல் சப்பென்று ஆகிவிட்டது. புளிக்குழம்புக்கு எந்த வெள்ளை ஒயினையும் நான் சொல்ல மாட்டேன்.

கிளம்பும் முன் தோட்டத்து மிளகை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தபோது ஒரு ஆசை வந்தது. ஆஸ்திரியாவில் க்ரூனர் வெல்ட்லினர் என்றொரு வெள்ளைத் திராட்சை உண்டு. அதன் ஒயினில் மிளகு வாசம் வரும். மிளகில் உள்ள ரோட்டன்டோன் என்ற அதே பொருள்தான் காரணம். அந்த ஒயினோடு ஏற்காட்டு மிளகு போட்ட கோழி வறுவல் எப்படி இருக்கும்? மிளகு அரைக் கிலோ வாங்கி வந்துவிட்டேன். பாட்டிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.