மூன்று சென்டிமீட்டர்

கணக்குப் பிரிவில் 22 வருடம் குப்பை கொட்டிவிட்டு, 47 வயதில் கேமராவைத் தொழிலாக எடுத்தவன் நான். "இந்த வயசுலயா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பெயரைக் கைவசம் வைத்திருந்தேன்: ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர். 1863-ல், 48 வயதில்தான் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த முதல் கேமரா அவர் கைக்கு வந்தது. அவர் எடுத்த முகப்படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் 40 ஊழியர்களின் படத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று அவரை யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை என்பது, காசு வாங்கிச் செய்த முதல் பெரிய வேலையில்தான் எனக்கு உறைத்தது.

ஓர் அலுவலகம். ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-ல் அகலமாகத் திறந்து வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி ஆட்களை உட்காரவைத்து எடுத்தேன். பொழுதுபோக்காக எடுத்த காலத்துப் பழக்கம் அது, பின்னணி அப்படியே கரைந்து போனால்தான் எனக்குப் படம். ஃபோகஸ் பிடிப்பதும் பழைய முறைதான்: நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டே கேமராவைக் கொஞ்சம் திருப்பி ஃப்ரேம் வைப்பது. பின்பக்கத் திரையில் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பைக்குள் கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வ்யூஃபைண்டரில் இடிக்கிறது என்று நான்தான் கழற்றி வைத்திருந்தேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அந்த அளவுத் திரையில் எல்லாமே ஷார்ப்தான்.

ராத்திரி மானிட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியபோது வயிற்றைக் கலக்கியது. அந்த லென்ஸ், அந்தத் தூரம், அந்தத் திறப்புக்கு ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர். ஃப்ரேம் வைக்கக் கேமராவைத் திருப்பும்போதோ, எதிரே இருப்பவர் மூச்சுவிட்டுக் கொஞ்சம் முன்னால் சாயும்போதோ அந்த மூன்றும் போய்விடும். ஒரு படத்தில் காது மடலின் பூனைமுடியைக்கூட எண்ணலாம், கண் மட்டும் அழுதவர் கண் மாதிரி கலங்கிக் கிடந்தது. இப்படி மொத்தம் 11 பேர். கேமரூனின் படங்களும் தெளிவில்லை என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் திட்டத்தான் செய்தார்கள், பிறகு அதுவே அவருடைய பாணி என்றானது. என்னுடையதைப் பாணி என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

இருபது வருடம் நான் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் நல்ல படங்களை மட்டுமே பார்த்தவர்கள். 200 எடுத்தால் 195-ஐ யாருக்கும் தெரியாமல் அழித்துவிட்டு ஐந்தைக் காட்டியிருப்பேன். அந்த ஐந்தைப் பார்த்துத்தான் "நீங்க ஏன் இதையே தொழிலா பண்ணக்கூடாது?" என்றார்கள், நானும் நம்பி வேலையை விட்டேன். காசு வாங்கியபின் அழிக்க முடியாது. மோசமான படத்திலும் ஒருவர் இருக்கிறார், அன்றைக்கென்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

பழைய வேலையிலிருந்து கொண்டுவந்தவற்றில் ஒன்றுதான் அன்று கைகொடுத்தது. கணக்கில் தப்பு இருந்தால் ஆடிட்டர் கண்டுபிடிக்கும் முன் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். காலையிலேயே போன் போட்டுச் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் "சரி, வியாழக்கிழமை வாங்க" என்றார்கள்.

அந்த 11 பேரில் ஒரு பெண்மணி முதல் நாளே "எனக்கு போட்டோவே சரியா வராது சார்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவர். இரண்டாம் முறை வரும்போதே "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவர் முகத்தின் மேல் பழி போவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினேன், "உங்க முகத்துல ஒண்ணும் இல்லம்மா, தப்பு என் ஃபோகஸ்ல." கிட்டக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காது நல்லா வந்திருக்கு சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். ஃபிளாஷ் அப்போது சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

இந்த முறை திறப்பைச் சுருக்கி எஃப் 5.6. ஆழம் பத்து சென்டிமீட்டர் கிடைக்கும், பின்னணி கரையாது, கரையாவிட்டால் போகிறது.

அதன்பிறகு எட்டு மாதம் 26 வயதுப் பையன் ஒருவனிடம் உதவியாளனாகப் போனேன். "சார், லைட்டைக் கொஞ்சம் தூக்குங்க", "சார், அந்த வயரை மிதிச்சிடாதீங்க" என்று மரியாதையோடு வேலை வாங்குவான். முதல் வாரம் சுருக்கென்று இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் அவனிடம் கற்றதுதான் இன்றுவரை சோறு போடுகிறது. கேமராவின் இரண்டு மெமரி கார்டிலும் படத்தை ஒரே நேரத்தில் எழுதும்படி வைப்பது, கார்டை அழிக்கும் முன் மூன்று பிரதி இருக்கிறதா என்று பார்ப்பது, சில அறைகளின் விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிப்பதால் ஷட்டரை 1/100-ல் வைத்துப் பட்டைக்கோடு விழாமல் தப்பிப்பது. முக்கியமாக, விலை சொன்னபின் வாயை மூடிக்கொள்வது. நான் விலையைச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் யோசிப்பதற்குள் நானே குறைத்துவிடுவேன். மற்றவர்களின் பணத்துக்கு அத்தனை வருடம் கணக்கு எழுதியவனுக்கு, ஒரு மணி நேரம் எடுத்தால் மூன்று மணி நேரம் மேசையில் போகிறது என்ற சொந்தக் கணக்கு வரவில்லை.

முழங்காலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வலிக்கிறது.

கேமராவை மாற்றிவிட்டேன், இப்போது அதுவே கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. இருந்தாலும் ஐந்து பேருக்கு ஒருமுறை கண்ணாடியை மாட்டி, பெரிதாக்கிப் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை. அந்த அலுவலகத்திலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களை எடுக்க வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள். போனமுறை லைட்டை நிறுத்திக்கொண்டிருந்தபோது அந்த அம்மா நடைவழியில் போனார், நின்று பேச நேரமில்லை போலிருக்கிறது, என்னைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.