இரண்டு நிறத் திரைச்சீலை

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்துத் தம்பி மெல்பர்னிலிருந்து போன் போட்டுக் கேட்டார். "நம்ம ஆசிரியர்களைப் பத்தி எழுதுங்கக்கா" என்றார். அதை எழுத உங்களில் டாக்டர்களும் வக்கீல்களும் இருக்கிறீர்கள். நான் பினாங்கு ஸ்திரீட் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள். எனக்குத் தெரிந்தது துணி. ஆகவே, நம் பினாங்குத் தமிழ்ப் பள்ளி மேடையில் தொங்கிய திரைச்சீலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் படித்தது 1980 முதல் 1985 வரை. பள்ளிக்கு அப்போது மண்டபம் கிடையாது. சிற்றுண்டிச்சாலைக் கொட்டகைதான் எல்லாவற்றுக்கும். மழைநாளில் சபைகூடல் அங்கே, பரிசளிப்பு விழாவும் அங்கே. விழாவுக்கு முதல் நாள் மாலை வகுப்பு மேசைகளை ஒட்டிப் போடுவார்கள். கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் லோரியில் பலகைகளை இறக்கிவிட்டுப் போவார். அவற்றை மேலே பரப்பி, ஆடாதபடி கயிற்றால் இறுக்கினால் மேடை. கயிறு கட்டுவது துறைமுகத்து ஆட்களின் வேலை, என் அப்பாவும் அதில் ஒருவர். தொங்காங் படகில் சரக்குக் கட்டிப் பழகிய கைகள். அவர்கள் போட்ட முடிச்சை மறுநாள் அவிழ்க்க அவர்களே வந்தால்தான் உண்டு.

திரைச்சீலைக்குத் துணி கொடுத்தது குவீன் ஸ்திரீட் ஜவுளிக்கடை முதலாளி. துணிக்கட்டில் மிஞ்சிக் கிடந்த மெரூன் துணி ஒரு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. மறுபக்கத்துக்குக் கிடைத்தது கொஞ்சம் வெளுத்த நிறம். "வெளக்கு வெளிச்சத்துல தெரியாதும்மா" என்று என் அம்மாவிடம் சொன்னார். நன்றாகவே தெரிந்தது. அம்மா அதை வீட்டு சிங்கர் மிஷினில்தான் தைத்தார். மேல்விளிம்பில் துணி நான்கு மடிப்பு. ஊசி முறிந்துகொண்டே இருந்ததால் அந்த இடத்தை மட்டும் கோணி ஊசியால் கையிலேயே தைத்து முடித்தார். வளையம் வாங்கக் காசில்லை. பெண்பிள்ளைகளிடம் பழைய பிளாஸ்டிக் வளையல்களைக் கேட்டு வாங்கிக் கோத்தார்கள். கயிற்றில் முடிச்சு விழுந்த இடத்தில் வளையல் சிக்கிக்கொள்ளும். ஒரு வருடம் இராவணன் தர்பார் காட்சியில் வலப்பக்கம் திறந்தது, இடப்பக்கம் திறக்கவில்லை. பத்துத் தலையில் ஐந்தை மட்டும் சபையோர் பார்த்தார்கள். மீதி ஐந்தும் உள்ளேயிருந்து வசனம் பேசின.

ஆண்டுதோறும் விழாவுக்கு முன் அந்தத் திரைச்சீலை ஆயர் ஈத்தாம் ஆற்றோரத் தோபிகாட்டுக்குப் போய் வெளுத்து வரும். அங்குள்ள சலவைக்காரர்கள் கூலி வாங்க மாட்டார்கள். முன்வரிசையில் நான்கு நாற்காலி வேண்டும் என்பார்கள். கல்வி இலாகாவிலிருந்து பெரிய ஆள் வந்தாலும் அந்த நான்கு நாற்காலியில் உட்கார முடியாது.

கால அட்டவணையைப் பார்த்தால் நம் பள்ளியில் கலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் கொஞ்ச நேரம் சித்திரம், கொஞ்ச நேரம் பாட்டு. அதையும் ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் விழுங்கிவிடும், மதிப்பீட்டுத் தேர்வு வருகிறதல்லவா. ஆனால் பள்ளி மணி அடித்த பிறகு வேறொரு பள்ளி தொடங்கும். கோயில் பஜனைக் குழுவின் ஆர்மோனியப் பெட்டி சைக்கிள் கேரியரில் வந்து இறங்கும். தேவாரம் சொல்லித் தருபவர் "பிள்ளைங்களுக்கு அஞ்சு கட்டை, பெரியவங்களுக்கு இங்க வேலை இல்லே" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று கூடவே பாடும் காவற்காரரை முறைப்பார். இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்கு அவர்தான் பிள்ளைகளைத் தயார் செய்தார். பரிசு வந்ததோ இல்லையோ, போய்வரும் வழியில் எல்லோருக்கும் அப்பம் வாங்கித் தருவார்.

சித்திர ஐயாவைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டியே எழுதப் போகிறேன். என்னைத் துணிப்பக்கம் தள்ளிவிட்டவர் அவர்தான். மெழுகும் சாயமும் வைத்துச் செய்யும் பாத்தேக் துணியில் ஓவியம் தீட்டி உலகம் முழுவதும் பேர் வாங்கிய சுவா தியன் தெங் பினாங்குக்காரர். பாத்தேக் ஓவியத்தின் தந்தை என்றே அவரைச் சொல்வார்கள், 2008-இல் காலமானார். அதுவரை பெரும்பாலும் கைலிக்கும் சட்டைக்கும் பயன்பட்ட ஒரு முறையை 1950-களில் சட்டம் போட்டு மாட்டும் ஓவியமாக ஆக்கியவர். அவருடைய படங்களைப் பார்த்துவிட்டு வந்த சித்திர ஐயா, "இதை நம்ம பிள்ளைங்களும் செய்யலாமே" என்று கிளம்பிவிட்டார். சாமான் வாங்கப் பள்ளியில் காசு ஏது?

ரொட்டிக் கடையில் கோதுமை மாவு வந்து இறங்கும் துணி மூட்டைகளைக் கேட்டு வாங்கினார். அவற்றைப் பிரித்து, கஞ்சி போகக் கொதிக்கவைத்துத் துவைத்தால் நல்ல பருத்தித் துணி. ஆலையின் முத்திரை மட்டும் லேசாக நிற்கும். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள் மாதா கோயில் பக்கமிருந்து வந்தன. குங்கிலியம் ஐயர் கொடுத்தார். இரண்டையும் பால்டின்னில் போட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்குவது ஐயாவின் வேலை, நாங்கள் கிட்டே போகக் கூடாது. மெழுகு ஊற்றும் செம்புக் குழாய்ப் பேனாவுக்கு ச்சந்திங் என்று பெயர். அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றவர்களுக்கு மூங்கில் குச்சி முனையில் பஞ்சு சுற்றிக் கொடுத்தார்.

மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சங்கதி. அதனால் வெளுத்த நிறத்தை முதலில் போட்டு, அதைக் காப்பாற்ற வேண்டிய இடத்தை மெழுகால் மூடி, அடுத்த நிறத்தைப் போட வேண்டும். மஞ்சள், அதன்மேல் சிவப்பு, கடைசியில் கருநீலம். எதை விடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். நான் வரைந்தது தைப்பூச வெள்ளி ரதத்தின் மாடு. மெழுகு காய்ந்த துணியை அவசரத்தில் மடித்து வைத்துவிட்டார்கள். குங்கிலியம் கலந்தும் அது போதவில்லை போலும், மடிந்த இடமெல்லாம் மெழுகு வெடித்து, நீலச் சாயம் உள்ளே புகுந்து, மாட்டின் உடம்பு முழுக்க நரம்பு ஓடியிருந்தது. நான் அழுதேன். ஐயா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்குத்தான் மத்தவங்க வேணும்னே கசக்குறாங்க, உனக்குச் சும்மா வந்திருக்கு" என்றார். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தோம். அந்த வாரம் சிற்றுண்டிச்சாலை ஆயாவின் பெரிய அண்டாவில் மெழுகு வாசம் போகவே இல்லை. மீ கோரெங்கில்கூட அடித்தது.

நம்முடன் படித்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகளில் ஒருவனுடைய அத்தா நாசி கண்டார் கடையில் வேலை பார்த்தார், மாலையில் போரியாக் குழுவில் ஆடுவார். வெளியூரில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: போரியா என்பது முஹர்ரம் ஊர்வலங்களிலிருந்து வளர்ந்த பினாங்குக் கலை. முன்னால் ஒருவர் பாட்டுக் கட்டிப் பாடுவார், அவர் துக்காங் காராங். பின்னால் வரிசையாக நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடி ஆடுவார்கள். ஒவ்வோர் அடியும் ஒரே ஓசையில் முடிய வேண்டும், ஊர்க்குறையை நக்கலாகச் சொல்ல வேண்டும். சுதந்திர தின விழாவுக்கு ஒன்று சொல்லித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டதும் அத்தா வந்தார். மலாயில் கட்டினால் பெற்றோர் பாதிப் பேருக்கு நக்கல் புரியாது, தமிழிலேயே கட்டுவோம் என்று அவரே சொன்னார். ஆறாம் வகுப்புப் பையன்கள் கட்டிய அடிகள் எனக்கு இன்னும் மனப்பாடம் (தண்ணிமல என்பது நம் ஊர்த் தண்ணீர்மலை முருகன் கோயில்):

குழாயத் தெறந்தா காத்துதான் வருது,
கோப்பைய நீட்டுனா சொட்டுதான் விழுது,
தண்ணிமல பேரு ஊரெல்லாம் தெரியுது,
தண்ணிக்கு மட்டும் நமக்கு வழியேது?

முன்வரிசையில் இருந்த பிரமுகர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார். கொஞ்ச நாளில் குழாய் சரியானது. பாட்டுக்காகவா, எப்படியும் சரியாகியிருக்குமா என்று அந்த வகுப்புக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

சண்டை என்றதும் நினைவுக்கு வருகிறது, சினிமாப் பாட்டுச் சண்டை. 'தமிழ் முரசு' பத்திரிகையாசிரியர் கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் மேடைகளில் நாடகம் போட்டு வளர்ந்த தலைமுறை நம் தலைமையாசிரியர். சினிமாப் பாட்டு மேடை ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். கும்மி, கோலாட்டம், நாடகம், வேண்டுமானால் பரதம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நகராண்மைக் கழகத்தில் வேலை செய்யும் ஓர் அப்பா எழுந்து, "அரைநாள் சம்பளத்த விட்டுட்டு வர்றோம்யா, எங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணாவது போடுங்களேன்" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டீச்சர்களிலேயே சிலர் அவர் பக்கம். கடைசியில் ஒரு சமாதானம்: பிள்ளைகளின் நிகழ்ச்சி முழுவதும் தலைமையாசிரியர் சொற்படி, முடிவில் ஓர் அங்கம் பெற்றோருக்கு, அதில் அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகு விழா வேறு மாதிரி ஆகிவிட்டது. அப்பாமார்கள் உறுமி மேளம் எடுத்து வந்தார்கள். ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ் அம்மாமார்கள், வீட்டில் வாய் திறக்காதவர்கள், மேடையேறி நாற்று நடும் பாட்டுப் பாடினார்கள். இந்த அம்மாமார்கள் எங்கே நாற்று நட்டார்கள் என்று கேட்காதீர்கள், பாட்டிமார்களிடமிருந்து வந்தது. சினிமாப் பாட்டு பாடினவர்களும் உண்டு. அந்தச் சண்டையில் இரு பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. தலைமையாசிரியர் பிடிவாதம் பிடிக்காமல் விட்டிருந்தால் பிள்ளைகள் கேசட்டைப் போட்டுவிட்டுக் குதித்திருப்பார்கள். அந்த அப்பா எழுந்து கேட்காமல் இருந்திருந்தால், கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் தவிர பள்ளி வாசலை மிதிக்காத எத்தனையோ பேர் வெளியிலேயே நின்றிருப்பார்கள்.

உடைகள் என் அம்மா தலையில். சின்னப் பிள்ளைகளின் பூ நடனத்துக்கு கிரேப் காகிதத்தில் பாவாடை. நூலை இறுக்கினால் கிழியும், தளர்த்தினால் அவிழும், அதனால் பெரிய தையலாகப் போட்டு மேலே நாடா வைத்துப் பிடிக்க வேண்டும். கொட்டகைச் சூட்டில் பிள்ளைகள் வியர்த்தால் காகிதச் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டை ரோஸ் நிறமாகிவிடும். மறுநாள் தெருமுழுக்கக் குளோராக்ஸ் வெளுப்பான் வாசனை. எவர் வீட்டுப் பிள்ளை ஆடியது என்று கொடிக்கயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் தங்கை பள்ளியில் சேர்ந்தது 1983-இல். அந்த ஆண்டுதான் கேபிஎஸ்ஆர் என்ற புதிய கலைத்திட்டம் நாடு முழுவதும் முதலாம் வகுப்பில் தொடங்கியது. இசை தனிப் பாடமானது. தாளத்துக்குச் சின்னச் சின்னக் கருவிகள் வந்தன. அவள் நான்காம் ஆண்டுக்குப் போனபோது ரெக்கார்டர் ஊதினாள், வீட்டில் எவரும் தூங்கவில்லை. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. அதே பிள்ளைகளுக்கு 1988-இல், ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வும் முதன்முதலாக வந்தது. அதன்பின் எத்தனை 'ஏ' என்ற பேச்சுத்தான் எங்கும். சாயங்காலம் ஆர்மோனியம் வந்த நேரத்துக்குக் கூடுதல் வகுப்பு வந்தது. ஆடத் தெரிந்த அப்பாமார்கள் டியூஷன் முடியும்வரை வாசலில் மோட்டாரில் காத்திருந்தார்கள்.

2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பழையபடி ஆகும் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் இணையப் போட்டிகள். பிள்ளை வீட்டில் தனியாக நின்று பாடுகிறது, அம்மா கைப்பேசியில் பிடித்து அனுப்புகிறார், கட்டணம் கட்டினால் மின்சான்றிதழ் வருகிறது. என் கடைக்கு வரும் தாய்மார்கள் கோப்புக் கோப்பாகக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கயிறு கட்டிக் கொடுத்தவர் யார், திரை இழுத்தவர் யார்?

தமிழ்க் கல்வி இந்த நாட்டில் 1816-இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வருகிறது என்பார்கள். 2016-இல் இருநூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது எனக்கும் உடைகள் தைக்கும் ஆர்டர் வந்தது. மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப் பள்ளிகள். நமது பள்ளி அவற்றில் ஒன்றாக இன்னும் நடக்கிறது. இப்போது குளிர்சாதன மண்டபம் இருக்கிறது, மோட்டார் வைத்து இழுக்கும் திரை இருக்கிறது, இரு பக்கமும் ஒரே நிறம்.

சங்கம் அந்த மண்டபத்துக்கு எல்இடி திரை வாங்கித் தர நிதி திரட்டுவதாகச் சுற்றறிக்கை பார்த்தேன். வாங்குங்கள். ஆனால் அதில் ஒரு பகுதியை எடுத்து வையுங்கள். சனிக்கிழமை காலையில் உறுமி சொல்லித்தர ஓர் இளைஞர் தயாராக இருக்கிறார், பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வர வேண்டும், போக்குவரத்துச் செலவு கொடுத்தால் போதும் என்கிறார். தையலுக்கு நான் வருகிறேன், எனக்கு எதுவும் வேண்டாம். பாத்தேக் மெழுகு எடுக்க அண்டா மட்டும் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், சிற்றுண்டிச்சாலையில் இப்போது இருப்பவர் தன்னுடையதைத் தரமாட்டாராம். பணம் அனுப்புகிறவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கொஞ்சம் மறதிக்காரர்.