சுவரில் ஏழு ஃபிரேம்

சுவரில் ஏழு சான்றிதழ்கள். எல்லாம் தங்க நிற ஃபிரேம்.

அக்கா மகளுக்கு மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. யாரோ சொன்னார்கள் என்று இன்று ஒரு கவுன்சலிங் சென்டருக்குப் போயிருந்தோம். காத்திருந்த நேரத்தில் எழுந்து போய்ப் படித்தேன். நடுவில் இருந்த பெரிய ஃபிரேம், இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சியில் கலந்துகொண்டதற்கு.

வாசல் பலகையிலோ 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்'.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "மேடத்தோட ஆர்.சி.ஐ. நம்பர் என்னம்மா?" என்றேன்.

"போன் நம்பரா சார்?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். "டேய், வந்த இடத்துல மானத்தை வாங்காத."

எனக்கே இது போன வருடம்தான் தெரியும். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது பேச்சு வழியாக மனநலச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். ஆனால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். எண் இருந்தால் அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். 'கவுன்சலர்' பலகையை மட்டும் யார் யாரோ மாட்டிக்கொள்கிறார்கள். (அவர்களில் முறையாகப் படித்த நல்லவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.)

வீடு கட்ட கொத்தனாரை நாலு இடத்தில் விசாரிக்கிறோம். மனசைக் கொட்டப் போகிற இடத்தில் கேட்கக் கூச்சம்.

எழுந்து வந்துவிட்டோம். ஆட்டோவில் அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"மாமா, பல் டாக்டர்கிட்ட இப்படிக் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை.