பேட்டரி மாற்ற பாஸ்வேர்டு எதற்கு?

சில வருடங்கள் லேப்டாப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்தவன் நான். வந்து சேரும் ஒவ்வொரு லேப்டாப்பின் மூடியிலும் ஒரு துண்டுச் சீட்டு செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும். பெயர், போன் நம்பர், என்ன பழுது, கடைசி வரியில் பாஸ்வேர்டு. கேட்பவரும் யோசிப்பதில்லை, எழுதித் தருபவரும் யோசிப்பதில்லை.

பேட்டரி, திரை, கீபோர்டு, விசிறி, ராம் என எதை மாற்றவும் விண்டோஸுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஸ்பீக்கர், கேமரா, வைஃபை வேலை செய்கிறதா என்று பார்க்க விண்டோஸுக்குப் பதிலாக இயங்கும் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட ஒரு பென் டிரைவ் போதும். அப்புறம் ஏன் கேட்கிறார்கள்? பெரும்பாலும் பழக்கதோஷம்தான், கெட்ட எண்ணம் இல்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒலி வரவைக்கும் மென்பொருளான ஆடியோ டிரைவரை மட்டும் முடக்கி, நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்யும் லேப்டாப்களைக் கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 6 கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அதில் 2 கடைகளில் நகலும் எடுத்திருந்தார்கள். பெண்களுடையதாகத் தெரிந்த லேப்டாப்களில்தான் நோண்டல் அதிகம். அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், பேட்டரி மாற்றுவதற்கே பெரும்பாலான இடங்களில் பாஸ்வேர்டு கேட்டார்களாம். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பலரும் போட்டோக்களை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு பிரவுசர்தான் பயம். அதில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அதே விண்டோஸ் பின் நம்பருக்குத் திறந்துகொள்ளும். மெயில் திறந்தே கிடக்கும். மெயில் கைக்கு வந்தால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

உண்மையிலேயே சிக்கலான வேலை ஒன்று உண்டு, டேட்டா மீட்பது. செத்துப்போன டிஸ்க்கிலிருந்து எடுத்த படங்கள் ஒழுங்காக வந்ததா என்று தெரிய நாலைந்தைத் திறந்துதான் ஆகவேண்டும். கோப்பின் பெயர் சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். திறந்தால் பாதி முகத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. திறந்துதான் ஆகவேண்டும் என்பதால், தேவைக்கு மேல் எதுவும் கண்ணில் படாமலிருக்க, படங்களின் சிறுவடிவம் தெரியாதபடி வெறும் பெயர்ப் பட்டியலாக வைத்துக்கொள்வேன். எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்று சொந்தக்காரரிடமே கேட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறப்பேன். நேரம் பிடிக்கும்தான். முதலாளிக்கு அது பிடிக்காது, அது வேறு கதை.

பாஸ்வேர்டு தராவிட்டால் மட்டும் போதாது. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகாமல், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படாமல் இருந்தால் அதே லினக்ஸ் பென் டிரைவே எல்லாவற்றையும் படித்துவிடும். டிஸ்க்கை அப்படிப் பூட்ட விண்டோஸில் பிட்லாக்கரோ, மேக்கில் ஃபைல்வால்ட்டோ போட்டுவிடுங்கள். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே வேறிடத்தில் குறித்து வையுங்கள். மதர்போர்டு மாற்றினால் அதைத்தான் கேட்கும். போன் என்றால் சாம்சங், பிக்சல் போன்றவற்றில், பழுதுபார்க்கும்போது சொந்தத் தகவல்களை மறைத்துவைக்கும் ரிப்பேர் மோடு (சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு) வந்துவிட்டது. அதைப் போட்டுக் கொடுத்தால் சரி.

"தரமாட்டேன் என்றால் கடைக்காரர் தப்பாக நினைப்பாரோ" என்று தயங்குகிறவர்கள் அதிகம். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன், எங்களுக்கு அது நிம்மதி. ஒரு முறை ஒருவருடைய சொந்தப் படங்கள் எங்கோ வெளியாகிவிட்டன. உடனே எங்களுக்குத்தான் போன் வந்தது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். வேலைச் சீட்டை எடுத்துப் பார்த்தோம், பாஸ்வேர்டு வரி காலி. டிஸ்க்கும் பூட்டியே வந்திருந்தது. அவரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேறு யாரிடமோ விசாரிக்கப் போனார். அந்த வரி நிரம்பியிருந்தால் நாங்கள் என்ன சொல்லித் தப்பித்திருப்போம் என்று தெரியவில்லை.

டிஸ்க்கையே மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டியில் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள். அதற்காகவாவது என்க்ரிப்ஷனை இன்றைக்கே போட்டு வையுங்கள், பழுதான பிறகு போட முடியாது.