நெல் தரிசு உளுந்துக்கு உழவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம்

டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்குப் பின் தரிசில் வரும் உளுந்து, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் நம்பியே விளைகிறது. அந்த ஈரத்தை முதலில் தொலைப்பது கலப்பைதான். சேற்றுழவு கண்ட களிமண்ணை அறுவடை முடிந்ததும் உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். இரண்டு நாள் வெயிலில் ஈரம் போய்விடும், விதை கட்டிகளுக்கிடையே முளைக்காமல் கிடக்கும். அதனால்தான் நிற்கும் பயிரிலேயே விதைக்கிறோம்: அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, ஏக்கருக்கு 12 கிலோ. தண்ணீர் தேங்கினால் விதை அழுகும். ரொம்ப முந்தி விதைத்தால் நாற்று நெல் நிழலில் வெளுத்து நீண்டு, அறுவடையோடு சாய்ந்துவிடும். இயந்திரம் அறுத்தால் சக்கரத் தடமும், அது வரிசையாகக் கொட்டும் வைக்கோலும் முளையை அமுக்கும். வைக்கோலை அன்றே கலைத்து மெல்லியதாகப் பரப்பினால் அதுவே ஈரம் காக்கும் மூடாக்கு.

அதே வைக்கோலை உழுது மடக்கிவிட்டு உடனே விதைப்பவர்களும் உண்டு. வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளிறும். வெளிறியதைப் பார்த்ததும் யூரியா மூட்டையைத் தேடுவார்கள். மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுக்குச் செடி மெனக்கெடாது. இலையும் கொடியும் செழிக்கும், காய் பிடிக்காது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு நல்ல விருந்து!

அந்த முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியாவான ரைசோபியம் விதைக்குக் கட்டாயம்: ஏக்கர் விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் அரைமணி உலர்த்த வேண்டும். பூஞ்சாணக்கொல்லி போடுவதாயிருந்தால் ஒரு நாள் முன்பே போடுங்கள். சேர்த்துக் கலந்தால் பாக்டீரியா செத்துவிடும். 30ஆம் நாள் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி, வேரை நீரில் அலசிப் பாருங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். முடிச்சின் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை.

உழாத நிலத்தில் அடியுரம் இட வழியில்லை, இலைவழிதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும் டிஏபி உரம் 4 கிலோவை 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை, மாலையில் தெளிக்க வேண்டும். வண்டலோடு ஊற்றினால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். நீர் பாய்ச்சி வளர்க்கும் இறவை உளுந்து வேறு கதை: இரண்டு உழவும், அடியில் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபியும் போதும். அந்த 50 கிலோவில் 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. முடிச்சு வேலை தொடங்கும்வரை அது தாங்கும்.

பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு உளுந்துக்கு உதவுமா என்றும் கேட்கிறார்கள். சம்பாவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில் 45 நாளில் மடக்கி உழுதால், அதன் தழைச்சத்தில் கிடைப்பதைப் பெரும்பாலும் நெல்லே எடுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் செய்துவந்தால் களிமண் பொலபொலப்பாகி, உளுந்து வேர் இறங்கச் சுலபமாகும். உளுந்துக்கு அதில் கிடைக்கும் லாபம் அதுதான்.