பெட்டியைத் திறக்கும் கை

சுங்கத்துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது பாஸ்டன் நகரில், பழைய ஆட்சி மாளிகைக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் கல் வட்டத்தைக் காட்டினாள். 1770 மார்ச் 5 இரவு பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்த நிகழ்வின் நினைவு அது. பள்ளியில் படித்ததுதான். ஆனால் தகராறு எங்கே தொடங்கியது என்று அதுவரை நான் கவனித்ததில்லை. அன்று அந்தத் தெருவில் இருந்த சுங்க அலுவலகத்தின் வாசலில்! ஹியூ ஒயிட் என்ற சிப்பாய் அங்கே தனியாகக் காவல் நின்றுகொண்டிருந்தார். அதைக் கேட்டதும் வேறெங்கும் நகர மனம் வரவில்லை. மகள் காபி வாங்கி வரும்வரை அங்கேயே நின்றேன்.

வரி கூடியதால், அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேறிகள் கிளர்ந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் கதை வேறு. வெல்லப்பாகுக்குக் கேலனுக்கு ஆறு பென்ஸ் என்று 1733இல் போட்ட வரியைப் பெரும்பாலோர் கட்டவே இல்லை. யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. 1764இல் அதைப் பாதியாக, மூன்று பென்ஸாகக் குறைத்தார்கள். கூடவே கண்டிப்பாக வசூலிக்கவும் தொடங்கினார்கள். எதிர்ப்பு அப்போதுதான் மூண்டது. வரி வாங்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு இதில் வியப்பில்லை.

பணியில் சேர்ந்த புதிதில், வளைகுடாவிலிருந்து வந்த ஒருவரின் அட்டைப்பெட்டியைச் சோதித்தேன். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். கயிற்றை அறுத்து எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டினேன். குழந்தையின் சட்டைகள், பால்பவுடர் டப்பா, ஒரு டேப் ரெக்கார்டர். வரி சொற்பம். பணத்தை எண்ணி வைத்துவிட்டு அவர் கேட்டார்: "வரியைக் கட்டிவிட்டேன் சார். பெட்டியை ஏன் இப்படிக் கொட்டினீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. சட்டைகளை அவர் ஒவ்வொன்றாக மடித்து வைத்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

பாஸ்டனில் அந்தக் கேள்வி 1761லேயே நீதிமன்றம் ஏறிவிட்டது. எந்த வீட்டுக்குள்ளும் கிடங்குக்குள்ளும் புகுந்து தேட அதிகாரிகளுக்கு உரிமை தரும் பொது ஆணைகளை எதிர்த்து ஜேம்ஸ் ஓடிஸ் என்ற வழக்கறிஞர் வாதாடினார், தோற்றார். 1767இல் கண்ணாடி, ஈயம், காகிதம், வண்ணச்சாயம், தேயிலை ஆகியவற்றின்மேல் வரி விதித்து, வசூலை மேற்பார்க்கப் பாஸ்டனிலேயே சுங்க ஆணையக் குழு ஒன்றை உட்கார்த்தினார்கள். பறிமுதல் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆளுநருக்கு, ஒரு பங்கு பிடித்துக் கொடுத்தவருக்கு. வெகுமதி எங்கள் துறையிலும் உண்டு. அது ஓர் அதிகாரியின் கண்ணை எப்படி மாற்றும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நான் வசூலித்த வரியைப் போட்ட அரசை அந்த அட்டைப்பெட்டிக்காரர் ஓட்டுப் போட்டு இறக்க முடியும். பாஸ்டன்காரருக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. என் மனத்தில் இதைவிடப் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை.

தாமஸ் கிர்க் என்ற கடைநிலைச் சுங்க ஊழியரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். 1768 மே மாதம், வணிகர் ஜான் ஹான்காக்கின் 'லிபர்ட்டி' கப்பல் மதேரா ஒயினோடு வந்தது. இரவில் அதில் காவல் இருந்தவர்களில் கிர்க் ஒருவர். முதலில் எதையும் பார்க்கவில்லை என்றார். ஒரு மாதம் கழித்து, தன்னைக் கீழே தள்ளி அடைத்துவிட்டுச் சரக்கை இறக்கினார்கள் என்று வாக்குமூலம் தந்தார். ஜூன் 10 அன்று கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். கூட்டம் திரண்டது. சுங்க வசூல் அதிகாரி ஜோசப் ஹாரிசன் அடிபட்டார். அவருடைய படகை இழுத்துக்கொண்டு போய் ஊர்ப் பொது மைதானத்தில் கொளுத்தினார்கள். ஆணையர்கள் போர்க்கப்பலில் ஏறித் தப்பினார்கள். அக்டோபரில் படைகள் வந்து இறங்கின.

கிர்க் எந்த நாளில் உண்மை சொன்னார் என்பது எனக்குப் பெரிதில்லை. இரவு இரண்டு மணிக்கு, சுற்றிலும் கூலியாட்கள், கிரேனின் முனகல், கையில் ஒரு டார்ச்சும் பதிவேடும் மட்டும். நானும் அப்படி நின்றிருக்கிறேன். எனக்குப் பின்னால் அரசாங்கம் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நெஞ்சு நம்பாது.

1773 நவம்பர் 28 அன்று 'டார்ட்மவுத்' கப்பல் தேயிலையோடு பாஸ்டன் வந்து சேர்ந்தது. புதிய சட்டத்தால் தேயிலை விலை இறங்கியிருந்தது. பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. தேயிலையை இறக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் பறிமுதல். வரி கட்டாமல் திரும்பிப் போகச் சுங்கம் அனுமதிக்காது. சுங்க அனுமதி இல்லாமல் ஆளுநர் ஹட்சின்சன் துறைமுகத்தைவிட்டுப் போகும் அனுமதிச்சீட்டைத் தரமாட்டார். சட்டப்படி ஓர் எழுத்தும் பிசகவில்லை. கப்பலின் உரிமையாளர்களில் ஒருவரான பிரான்சிஸ் ரோட்ச், கெடு முடிவதற்கு முந்தைய நாள், டிசம்பர் 16 அன்று, மில்டனில் இருந்த ஆளுநரின் வீடுவரை போய்க் கேட்டார். வெறுங்கையோடு இருட்டிய பிறகு திரும்பினார்.

அன்றிரவு ஊர்க்காரர்கள் டார்ட்மவுத்திலும் தேயிலையோடு அடுத்து வந்திருந்த இரண்டு கப்பல்களிலுமாக 342 பெட்டிகளை உடைத்துத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். டார்ட்மவுத்தின் நாட்குறிப்பில் ஒரு விவரம் இருக்கிறது. வந்தவர்கள் முதலில் கப்பல் பொறுப்பாளரையும் சுங்க அதிகாரியையும் விலகி நிற்கச் சொன்னார்கள். பிறகுதான் சரக்கறையின் மூடியைத் திறந்தார்கள். அந்தத் தளத்தில் நான் இருந்திருந்தால், விலகித்தான் நின்றிருப்பேன்.